தாயின் ஆகாரமும் சந்ததியின் ஆரோக்கியமும்



கருவுற்ற பெண் உண்ணும் ஆகாரமே அவள் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் ஆகாரமாகிறது என்பது உலகத்தார் யாவரும் தொன்றுதொட்டு அறிந்த விஷயந்தான். ஆனால், அந்தச் சில மாதத்து ஆகாரத்தின் நிறைவும் குறைவும் பிறக்கும் குழந்தையின் எடையோடு கணக்குத் தீர்ந்துவிடாமல், அக்குழந்தை வளர்ந்து ஆளாகி, ஐம்பது அறுபது பிராயத்தை எட்டிய பின்னரும் அதன் இருதயத்திலும் இரத்தத்திலும் சித்தத்திலும் தம் சுவட்டைக் காட்டக்கூடும் என்னும் கொள்கை வைத்திய சாஸ்திரத்தில் இடம்பெற்று அதிக காலம் ஆகவில்லை. இக்கொள்கை எப்படிப் பிறந்தது, எந்தப் பிரமாணங்களின்மீது அது நிற்கிறது, அதை ஏற்றுக்கொண்டால் பொறுப்பு யார்மேல் வந்து விழுகிறது என்னும் மூன்றையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். மூன்றாவதாகச் சொன்னதே என் மனத்தில் முதலாவதாக நிற்பது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்துறையில் ஆராய்ச்சி செய்யப் புகுகிறவருக்கு ஒரு பெரிய தடை உண்டு. கர்ப்பிணிகளில் ஒரு சாராருக்கு வயிறார உணவளித்து, மற்றொரு சாராரைப் பட்டினியிட்டு, இருவர் வயிற்றுப் பிள்ளைகளையும் அறுபது ஆண்டு காலம் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பது மனிதத் தன்மையுள்ள எவரும் கனவிலும் நினைக்கத் தகாத காரியம். எந்த விஞ்ஞானியும் செய்யத் துணியாத அந்தக் கொடுமையை யுத்தம் செய்தது. 1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகள் ஹாலந்து தேசத்து ஆர்ன்ஹெம் நகரின் பாலத்தைக் கைப்பற்ற முனைந்தபோது, லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த டச்சு சர்க்கார், படையெடுப்புக்குத் துணையாகத் தம் நாட்டு ரயில்வே ஊழியரை வேலைநிறுத்தம் செய்யுமாறு வானொலி வாயிலாக அழைத்தது. ஊழியரும் அவ்வாறே செய்தனர். ஆனால் பாலம் வசமாகவில்லை. வேலைநிறுத்தத்துக்குத் தண்டனையாக, மேற்கு ஹாலந்தின் பட்டணங்களுக்கு உணவுப்பொருள் ஏற்றிச் செல்வதை ஜெர்மானிய ஆட்சியாளர் தடுத்துவிட்டனர். நவம்பரில் படகுவழிப் போக்குவரத்துக்குச் சிறிது இடங்கொடுத்தார்கள் என்றாலும், அவ்வாண்டுக் குளிர் முன்கூட்டியே வந்து கடுமையாக இறங்கியதால், கால்வாய்களில் நீர் உறைந்து படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன.

அதன் பின் நடந்ததை டச்சு மக்கள் பசிக் குளிர்காலம் என்று இன்றளவும் குறிப்பிடுகின்றனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,800 கலோரி கிடைத்துவந்த பங்கீட்டு உணவு, 1944 நவம்பர் இறுதியில் 1,000 கலோரிக்கும் கீழே இறங்கி, டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரையில் 400க்கும் 800க்கும் இடையே தள்ளாடிக்கொண்டிருந்தது. மாட்டுக்குப் போடும் சர்க்கரைக் கிழங்கையும், தோட்டத்தில் பூவுக்காக நட்டுவைக்கும் டியூலிப் கிழங்கையும் வேகவைத்துத் தின்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தனியே சேர்த்துக் கொடுத்துவந்த பங்கும் பஞ்சம் முற்றிய நாட்களில் கொடுக்க இயலாமல் நின்றுபோயிற்று. 1945 மே மாதம் 5ஆம் தேதி ஹாலந்து விடுதலை பெற்றது. ஜூன் மாதத்திலேயே பங்கீடு 2,000 கலோரியைத் தாண்டிவிட்டது.

பஞ்சங்கள் உலகில் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. நம் நாட்டிலும் வங்காளத்தில் அதற்குச் சற்று முன்னர்தான், 1943இல், இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோன பஞ்சம் வந்தது. ஆயினும், சாஸ்திரத்துக்கு ஹாலந்தின் பஞ்சம் பயன்பட்ட அளவுக்கு வேறு எதுவும் பயன்படாமற் போனதற்குத் தகுந்த காரணம் உண்டு. அது குறிப்பிட்டதொரு நாளில் தொடங்கிக் குறிப்பிட்டதொரு நாளில் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த ஜனங்கள் ஓரளவு நன்றாகவே உண்டவர்கள். எந்த வாரத்தில் எவ்வளவு பங்கீடு கிடைத்தது என்பதற்குக் கணக்கு இருந்தது. அத்தனை கஷ்டத்திலும் மருத்துவச்சிகளும் வைத்தியர்களும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் குறிப்பு எழுதுவதை விடவில்லை. ஆகவே, ஒரு மனிதன் பிறந்த தேதியைச் சொன்னால், அவன் தன் தாயின் வயிற்றில் எந்த மாதத்தில் இருந்தபோது பசி அவனைத் தீண்டியது என்று பிற்காலத்தில் கணித்துச் சொல்ல முடிந்தது.

முதன்முதலாக இதைக் கண்டுகொண்டு வேலை செய்தவர்கள், தென்னாப்பிரிக்காவில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஜீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்னும் தம்பதியர். கட்டாய ராணுவ சேவைக்காகப் பத்தொன்பதாம் வயதில் சோதிக்கப்பட்ட டச்சு இளைஞரின் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு. கருவில் பட்டினி கிடந்தவர் அறிவில் குன்றியிருப்பர் என்று பலரும் அஞ்சியிருக்க, அவ்வாறு ஒரு குறையும் அந்தச் சோதனைகளில் புலப்படவில்லை. ஆனால் 1976இல், ஏறத்தாழ 3 லட்சம் இளைஞரின் பதிவுகளைக் கொண்டு வெளியான ஆராய்ச்சியில் விசித்திரமான ஓர் உண்மை வெளிப்பட்டது. கர்ப்பத்தின் முற்பாதியில் பசியை அனுபவித்தவரிடையே உடற்பருமன் மிகுந்தும், கடைசி மாதங்களில் அனுபவித்தவரிடையே அது குறைந்தும் காணப்பட்டது. ஒரே பசி, வந்த மாதத்துக்கேற்ப நேர்மாறான இரண்டு பலன்களைக் கொடுத்திருந்தது.

இந்த இடத்தில் இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டும். சவுதாம்ப்டனில் பணியாற்றிய டேவிட் பார்க்கர் என்னும் வைத்தியர், இருதய நோயினால் மிகுதியாக மனிதர் இறக்கும் மாவட்டங்களைத் தேசப்படத்தில் குறித்துப் பார்த்தபோது, செல்வத்தின் நோய் என்று அக்காலத்தில் கருதப்பட்ட அது, ஏழ்மை மிகுந்த மாவட்டங்களிலேயே தடித்து நிற்பதைக் கண்டு வியப்புற்றார். 1921 முதல் 1925 வரையில் எங்கெங்கே சிசு மரணம் அதிகமாக இருந்ததோ, அங்கங்கே அரை நூற்றாண்டு கழித்து இருதய நோயினால் மரணமும் அதிகமாக இருந்ததென்று 1986இல் அவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் ஆஸ்மண்டும் எடுத்துக்காட்டினர். ஊர்களைப் பற்றிய கணக்கு போதாது, தனி மனிதரைப் பற்றிய கணக்கு வேண்டுமென்று அவர் தேடிச் சென்றபோது கிடைத்ததுதான் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஜில்லாவின் பேரேடுகள். அந்த ஜில்லாவில் மருத்துவச்சிகளுக்குத் தலைமை வகித்த மார்கரெட் பர்ன்சைடு என்னும் பெண்மணி, 1911 முதற்கொண்டு, ஒவ்வொரு குழந்தையின் பிறந்த எடையையும், ஓராண்டு நிறைவில் அதன் எடையையும், தாய்ப்பால் உண்டதா புட்டிப்பால் உண்டதா என்பதையும் தாதியர் வீடு வீடாகச் சென்று குறித்துவரும்படி ஏற்பாடு செய்திருந்தார். எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பிற்பாடு அந்த வரிகளுக்கு உண்டாகப்போகும் மதிப்பை அவர் அறிந்திருக்க வழியில்லை. கண்முன் இருந்த சிசுக்களைக் காப்பாற்றுவதற்காக எழுதினார். அப்பேரேடுகளிலிருந்து 5,654 ஆண்களின் வாழ்வையும் மரணத்தையும் தொடர்ந்து பார்த்து 1989இல் பார்க்கர் வெளியிட்ட முடிவு, பிறப்பிலும் முதலாண்டு நிறைவிலும் எடை குறைந்திருந்தவரிடையே இருதய நோய் மரணம் மிகுந்திருந்தது என்பதாகும். வைத்திய உலகில் பலர் இதை நம்ப மறுத்தனர். வறுமையே சிறிய குழந்தைக்கும் பிற்கால நோய்க்கும் பொதுக் காரணமாக இருக்கலாமே என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அக்கேள்விக்கு இங்கிலாந்தின் பேரேடுகளால் மட்டும் பதில் சொல்ல முடியவில்லை.

ஹாலந்து சொல்லிற்று. ஆம்ஸ்டர்டாமில் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ் என்னும் ஆஸ்பத்திரியில் 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரையில் பிறந்த 2,414 குழந்தைகளின் பிரசவக் குறிப்புகள் நகர ஆவணக் காப்பகத்தில் அழியாமல் கிடந்தன. டெஸ்ஸா ரோஸ்பூம் முதலிய டச்சு ஆராய்ச்சியாளர், பார்க்கரோடு சேர்ந்து, அக்குழந்தைகளை ஐம்பது வயதினராகத் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். கடைசி மாதங்களில் பசியுற்ற குழந்தைகள் சராசரி 300 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்திருந்தன. முதல் மூன்று மாதங்களில் மட்டும் பசியுற்று, விடுதலைக்குப் பின்னர்த் தாய் நன்றாக உண்ண, நிறைந்த எடையோடு பிறந்தவையே தப்பிப் பிழைத்தவை என்று எவரும் எண்ணியிருப்பர். எண்ணம் பொய்த்தது. அந்த வகுப்பினரிடையே, ஐம்பதாம் வயதில், நூற்றுக்கு 8.8 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது; கருவில் பசியறியாதவரிடையே அது நூற்றுக்கு 3.2 பேருக்கே இருந்தது. நடு மாதங்களில் பசியுற்றவரிடையே சுவாசக்குழாய் அடைப்பும் சிறுநீரகத் தளர்ச்சியின் அறிகுறியும் மிகுந்திருந்தன. எந்த மாதத்தில் பசி வந்திருந்தாலும் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்தது. பஞ்சம் உச்சத்தில் நின்றபோது கருக்கொண்டவரிடையே சித்தப்பிரமையின் கடுமையான வகையாகிய ஸ்கிசோஃப்ரினியா இரட்டித்ததை வேறோர் ஆராய்ச்சி காட்டிற்று.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் விளங்குவது என்னவென்றால், கர்ப்பத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காலம் உண்டு. எந்த உறுப்பு உருவாகும் காலத்தில் போஷணை குன்றுகிறதோ அந்த உறுப்பே குறைபடுகிறது. எடை மட்டும் பார்த்து நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. மேலும், தாயின் இரத்தத்தில் வரும் சத்தின் அளவைக்கொண்டு, வெளியுலகம் வறண்ட உலகம் என்று சிசுவின் தேகம் தன்னை ஒடுக்கி அமைத்துக்கொள்கிறது என்றும், பிறந்து வளரும் உலகம் செழிப்பானதாக இருந்துவிட்டால், வறட்சிக்கென்று தாழ்வாக வரப்புக் கட்டிய வயலில் வெள்ளம் புகுந்தாற்போல அத்தேகம் தடுமாறுகிறது என்றும் பார்க்கரும் அவரைச் சேர்ந்தவரும் கருதினர். இதற்கு லெனின்கிராட் நகரத்தை எதிர்ச்சாட்சியாகக் காட்டினவர்களும் உண்டு. 1941 முதல் 1944 வரையில் முற்றுகையிடப்பட்டு, ஹாலந்தைவிடப் பன்மடங்கு கொடிய பசியை அனுபவித்த அந்நகரில், கருவில் பட்டினி கிடந்தவருக்குச் சர்க்கரைக் கோளாறு மிகுதிப்பட்டிருக்கக் காணோம் என்று 1997இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. ஆனால் அங்கே முற்றுகை நீங்கிய பின்னும் செழிப்பு வரவில்லை. வறட்சிக்கு அமைந்த தேகம் வறட்சியிலேயே வளர்ந்தது. எனவே லெனின்கிராட் கொள்கையை மறுக்கவில்லை, அதன் பிற்பாதியை விளக்குகிறது என்பது என் அபிப்பிராயம். இதை இன்னும் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள்.

பசி எப்படி அறுபது ஆண்டுக்காலம் தேகத்தில் பதிந்து கிடக்கும் என்னும் ஐயத்துக்கு 2008இல் ஒரு விடை வந்தது. பஞ்ச காலத்தில் கருவான அறுபது பேரையும், பஞ்சத்துக்கு முன்போ பின்போ கருவான அவரவர் உடன்பிறந்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வளர்ச்சியை ஆளும் ஒரு மரபணுவின்மேல் படிந்திருக்க வேண்டிய மீதைல் என்னும் இரசாயன முத்திரை, பஞ்சத்தில் கருவானவரிடம் சற்றுக் குறைந்திருந்தது. மரபணு மாறவில்லை, அதை எந்த அளவுக்குப் படிக்க வேண்டும் என்னும் குறிப்பு மாறியிருந்தது. ஒரே தாய் தந்தையரின் மக்களை ஒப்பிட்டதனால், வறுமையே காரணம் என்ற பழைய ஆட்சேபத்துக்கும் அங்கே இடமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை இரத்தசோகையை ஆராயத் தொடங்கினார். அவ்வேலையைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று பெயர் வழங்கிய பெண்கள் மருத்துவமனையிலும் தொடர்ந்து செய்தார். விலை மலிந்த ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்தபோது அந்தச் சோகை நீங்குவதை அவர் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் ஒளிந்திருந்த சத்து, பின்னர் 1941இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதைச் செயற்கையாகச் செய்துகொடுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஏழைப் பெண்களின் சோகைக்கென்று தேடிய அந்தச் சத்து, 1991இல் முடிந்த பெரியதொரு பரிசோதனையில், முன்னொரு குழந்தை முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்திருந்த தாய்மாருக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கொடுக்கப்பட்டபோது, அக்குறை மறுபடி நேர்வதை நூற்றுக்கு 72 பங்கு தடுத்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே என்னும் நிபந்தனைதான் இங்கு உயிர்நிலையானது. சிசுவின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது கருவுற்ற இருபத்தெட்டாம் நாளுக்குள். அந்நாளில், தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறிவதில்லை.

நம் வழக்கங்களை இந்த வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் கர்ப்பிணிக்கு ஆகார விசேஷங்கள் தொடங்குவது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பும் சீமந்தமும் செய்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் எலுமிச்சைச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் சமைத்துப் போடுகிறோம். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் மூன்று மாதங்களில், மசக்கையினால் வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட, விஷயத்தை ஊரறியச் சொல்லவும் கூடாதென்று, அடுப்படி வேலையும் வயல்வேலையும் சிறிதும் குறையாமல் அந்தப் பெண் தனித்தே அக்காலத்தைக் கடக்கிறாள். கடைசி மாதங்களிலோ, அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று சொல்லி, அவள் சோற்றையே குறைக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. பிரசவத்தில் மகளை இழந்த தாய்மார் நிறைந்திருந்த காலத்தில் எழுந்த அச்சம் அது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஆஸ்பத்திரி வசதி எட்டும் இடத்தில் அதை விட்டுவிடத்தான் வேண்டும்.

புணே நகரத்தருகே ஆறு கிராமங்களில், கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக் 1993இல் தொடங்கிய ஆராய்ச்சி இதை இன்னும் நெருக்கத்தில் காட்டுகிறது. ஏறக்குறைய 42 கிலோ எடையே இருந்த அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு, சராசரி 2.7 கிலோ எடையில் குழந்தைகள் பிறந்தன. இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால் தசையும் வயிற்றுறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தும், தோலுக்கடியில் படியும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் பிறக்கும் இந்த அமைப்பையே நம் தேசத்தில் நீரிழிவு இவ்வளவு இளமையிலேயே வருவதற்கு ஒரு காரணமாக யாக்னிக் கருதினார். குழந்தையின் வளர்ச்சிக்கும் தாய் உண்ட மொத்தச் சோற்றின் அளவுக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்டவர் வயிற்றுக் குழந்தைகளே பெரியனவாய்ப் பிறந்தன. இன்னொன்றும் 2008இல் வெளியாயிற்று. தாயின் இரத்தத்தில் ஃபோலிக் அமிலம் மிகுந்தும் பி12 என்னும் வைட்டமின் குறைந்தும் இருந்த இடத்தில், ஆறு வயதுப் பிள்ளையிடம் இன்சுலினுக்குத் தேகம் இணங்காத தன்மை அதிகப்பட்டிருந்தது. பாலும் முட்டையும் மாமிசமும் தரும் பி12, அக்கிராமத்துத் தாய்மாரில் பெரும்பாலோருக்குக் குறைவாகவே இருந்தது. ஒரு சத்தை மாத்திரையாகக் கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்துபோகும் வைத்தியத்துக்கு இது எச்சரிக்கை. குறைவைப் போலவே, தாயின் இரத்தத்தில் சர்க்கரையின் மிகுதியும் கேடு செய்யும்: அரிஸோனாவின் பீமா பழங்குடியினரிடையே, தாய்க்கு நீரிழிவு வந்த பின் பிறந்த பிள்ளைகள், அது வருவதற்கு முன் பிறந்த உடன்பிறந்தாரைவிட அதிகமாகப் பருமனுக்கும் நீரிழிவுக்கும் ஆளாயினர்.

இதுவரையில் சொன்னதைக் கேட்டு, பிள்ளைக்கு வந்த நோய்க்கெல்லாம் தாயின் நாக்கும் கையுமே காரணம் என்று எவரேனும் முடிவுகட்டினால், அதைவிட அநியாயமான முடிவு இருக்க முடியாது. ஆம்ஸ்டர்டாம் தாய்மார் தம் விருப்பத்தினால் பட்டினி கிடக்கவில்லை. ஒரு ராணுவ உத்தரவு அவர்களைப் பட்டினியிட்டது. பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களுக்குச் சோகை வந்தது அவர்கள் கூலியினால். புணேக் கிராமங்களில் பேறுகாலத்திலும் வயலில் குனிந்து வேலைசெய்த பெண்கள், வீட்டார் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்டவர்கள். நோயின் விதை கருவில் விழுகிறதென்றால், அதை விதைக்கும் கை பெரும்பாலும் தாயின் கையாக இருப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு 8.8 பேருக்கு நோய் வந்தது என்றால் 91 பேருக்கு மேல் அது வரவில்லை. கருவில் பட்ட குறை தலையெழுத்தன்று. வாய்ப்பைச் சற்று அந்தப் பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே. எல்லாவற்றையும் உண்டு தீர்த்தாளா என்று கர்ப்பிணியைக் குற்றவாளிபோல் விசாரிக்கும் மாமியாருக்கும் வைத்தியருக்கும் இதைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சர்க்கார் மனம்வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே யுத்தத்திலிருந்தே சாட்சி உண்டு. வடகடலுக்கு இப்பால் ஹாலந்தில் கர்ப்பிணிகள் பசியில் வாடியபோது, அப்பால் பிரிட்டனில், குண்டு மழைக்கு நடுவிலும், 1940 முதல் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நாள்தோறும் ஒரு பைண்ட் பால் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கிடைத்தது. பின்னர் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன. பச்சை நிற அட்டையிட்ட பங்கீட்டுப் புத்தகத்தோடு கடைக்குச் செல்பவளுக்குப் பழமும் முட்டையும் முதலில் கிடைத்தன. யுத்த ஆண்டுகளில், தேசம் வறுமைப்பட்டிருந்தும், குழந்தை செத்துப் பிறப்பது குறைந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கிவரும் நிதியுதவியும் இந்த மரபைச் சேர்ந்ததே. ஆனால் அதுவும், பெண் தன் கர்ப்பத்தைப் பதிவுசெய்த பின்னரே அவளை எட்டுகிறது.

பதிவுக்கு முன்பே எட்டுவது எப்படி என்பதற்குப் பம்பாய்ச் சேரிகளில் ஒரு முயற்சி நடந்தது. மணமான பெண்களுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்துச் செய்த சமோசா போன்ற தின்பண்டத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் கொடுத்தார்கள். மொத்தத்தில் குழந்தையின் எடை உயர்ந்ததாகக் கூற முடியவில்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்னரே உண்ணத் தொடங்கியவரின் குழந்தைகள் சராசரி 48 கிராம் மிகுந்து பிறந்தன. கர்ப்பகால நீரிழிவும் நூற்றுக்கு 12.4இலிருந்து 7.3ஆகக் குறைந்தது. புணேயிலோ, முதல் ஆராய்ச்சியில் சிசுக்களாக எடைபோடப்பட்டவர்களே வளர்ந்து பருவமெய்தியபோது, 2012 முதல் அவர்களுக்குப் பி12 கொடுக்கத் தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும், முன்னர்த் தாயையோ தந்தையையோ அளந்தவாறே, அளந்தார்கள்.